பொருள் விவரம்

கடிதம் வரும் முன்பே தெரியும் எனக்கு.
சுங்கத்தில் நிற்கிறது பொட்டலம்,
நாற்பத்து மூன்று கண்ணாடி,
ஐந்து வாரமாக.
லாபிஸ் கடையில், பிஸ்கட் டின்னுக்குள்,
உடைந்த போன்கள் காத்துக் கிடக்கின்றன.
ஒவ்வொன்றின் முதுகிலும்
ஒட்டுத்தாளில் ஓர் ஆள்:
ஆலைக் காவலாளி.
மூன்றாம் டிவிஷன் தீர்த்தகிரி.
செம்பனைக் குலை வெட்டும் லொம்போக்காரன்;
அவனுக்கு ஊரில் பிள்ளை பிறந்திருக்கிறது,
முகம் பார்க்கணுமாம்.
தினமும் வேலை முடிந்து வந்து
டின்னை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான்.

கண்ணாடியில் குறையில்லை.
அதற்கு அடியில், நாடாவின் மடிப்பில்,
கடுகில் பாதியளவு
கம்பெனியின் சின்னம்.
எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ
கறுப்பு மையால் அதை அடித்துவிட்டிருக்கிறார்கள்.
அடித்ததால் மோசடி என்கிறது கம்பெனி.
அடிக்காமல் விட்டிருந்தால்
போலி என்றிருக்கும்.
திறக்கும்போது நான் பார்ப்பேன்.
மூடிய பிறகு அதைப்
பல்லிகூடப் பார்க்காது.

நாலு மணி மழையோடு
மோட்டார் சைக்கிளில் வந்தான் கடிதக்காரப் பையன்.
"பூங்கோதை அங்கமுத்து?"
நான்தான்.
"விரலால கையெழுத்துப் போடுங்க கா."
நீட்டினான்.
அவன் போனின் கீழ்ப்பாதி முழுக்கச் சிலந்திவலை.
கையெழுத்துப் பெட்டியும் அங்கேதான்.

விரல் வைத்தேன். விழவில்லை.
துடைத்துவிட்டு வைத்தேன்.
'பூ'வின் சுழி மட்டும் வந்து நின்றது.
ஊதினான், தொடையில் தேய்த்தான்,
கையெழுத்தில்லாமல் சிகாமட் திரும்பினால்
மேனேஜர் கத்துவார் என்றான்.
கையெழுத்து இல்லையென்றால்
கடிதம் எனக்கு வரவே இல்லை.
பொய் சொல்லக்கூடாது,
ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவிட நினைத்தேன்.

"உட்காரு" என்றேன்.
கால்வாயில் விழுந்து போர்டு செத்த
பழைய போன் ஒன்று இருந்தது,
கண்ணாடி மட்டும் உயிரோடு.
ஓரத்தில் சூடு காட்டி நெம்பினேன்.
பதினொரு ஆணி;
அதில் ஒன்று மட்டும் வேறு நீளம்,
இடம் மாறினால் போர்டைத் துளைக்கும்.
அதைத் தனியாக வைத்தேன்.

"கடுதாசியில என்ன கா?"
"போன திறக்கக்கூடாதுன்னு இருக்கும்."
அவன் சிரிக்கவில்லை.
வயிறு திறந்து கிடந்த தன் போனையே
பார்த்துக்கொண்டிருந்தான்.

முடித்து நீட்டினேன்.
அவன் மறுபடி என்னிடமே நீட்டினான்.
கையெழுத்து, கால் எழுத்துவரை
பெட்டிக்குள் விழுந்தது.

பிரித்தேன்.
பதினான்கு நாள்.
நாற்பத்து மூன்றையும் அழிக்கச்
சம்மதிக்க வேண்டும்,
அழிக்கிற செலவும் என்னுடையது.
இரண்டாம் பக்கத்தில்:
பலகை, விலைச்சீட்டு, ரசீது
எதிலும் எங்கள் பெயர் வரக்கூடாது.

"ரசீது கிடைக்குமா கா? ஆபீசில் கேட்பாங்க."

எழுபது வெள்ளி என்று எழுதிவிட்டேன்.
'பொருள் விவரம்' கட்டத்தில் பேனா நின்றது.
கண்ணாடி. கறுப்பு. ஒன்று.
இன்னும் இடம் இருந்தது.
ஓரம் கொஞ்சம் வளைந்தது,
என்று சேர்த்தேன்.

மழை விட்டதும்
லொம்போக்காரன் வந்தான்.
செருப்பை வெளியே விட்டுவிட்டு
டின்னை எட்டிப் பார்த்தான்.