பாதி வழியில் நின்ற கை

எல்கோவில் பனி கொட்டும் வியாழன் இரவு.
ஆறாம் எண் மேசைக்கு நான்தான் டீலர்;
சட்டையில் லவோன் என்று பித்தளைப் பட்டை.
பதினோரு வருடமாய்ச் சீட்டுப் போடுகிறேன்,
ஒருமுறைகூட ஆடியதில்லை.

இங்கே பொய் சொல்லலாம்.
கையில் ஒன்றுமில்லாமல்
கோட்டை கட்டியவன்போல் உட்காரலாம்.
அடுத்தவன் வீட்டுக்கடன் தவணையை
அவன் எதிரிலேயே எண்ணி அடுக்கலாம்.
யாரும் முகம் சுளிப்பதில்லை.
முறை வருமுன் சில்லை வீசினால் சுளிப்பார்கள்.
தோற்றவனுக்குப் பாடம் எடுத்தால்,
கீழே வைத்துவிட்ட சீட்டைப் பற்றி வாய் திறந்தால்,
கோழி தின்ற விரலோடு சீட்டைத் தொட்டால்.

கார்வின் புதுசு. தங்கச் சுரங்கத்தில் துளைபோடுகிறவன்.
நடுவில் ராஜா, இரண்டு ஒன்பது, நாலு, ஏழு.
அவன் தள்ளினான்; ஆட்டுப்பண்ணை எச்செவெரி ‘கால்’ என்றார்.
காட்ட வேண்டியவன் அவன்.
‘உங்களிடம் என்ன?’ என்றான்.

ஏஸ். கூடவே இஸ்பேட் ஒன்பது.

‘அடடா, மூணு ஒன்பதா!’
கார்வின் தலையில் கைவைத்துக்கொண்டான்.
எச்செவெரியின் கை
குவியலை நோக்கிப் பாதித் தூரம் போய்விட்டது.
அப்போது ஒரு ராஜா.
ஒரு மடக்குக் காபி.
அப்புறம் இன்னொரு ராஜா.

மூன்று விநாடி இருக்குமா?
பணம் போவது அவருக்குப் பழகியதுதான்.
நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சட்டைப் பொத்தானைத் தடவினார்.
யாரும் திட்டவில்லை.
‘நல்ல கை’ என்று சொல்லவும் இல்லை.
சில்லுகளை அவன் பக்கம் தள்ளினேன்.
எனக்கு ஒன்றை எறிந்தான்;
எறிந்தான், வைக்கவில்லை.

அடுத்த வியாழன்
கார்வினிடம் ஐந்து ஆர்ட்டின், ஏஸ் உச்சியில்.
இருந்த அத்தனையும் தள்ளினான்.
‘கால்’ என்ற சொல் வாயில் முடியுமுன்
எச்செவெரியின் சீட்டு இரண்டும்
மேசையில் மல்லாந்து கிடந்தன:
மூணு ராணி, ரெண்டு அஞ்சு.
கார்வின் ஆசைப்பட ஒரு மூச்சு நேரம்கூட
அவர் விட்டுவைக்கவில்லை.
‘கஷ்டம்தான்’ என்றார். அவ்வளவுதான்.

கார்வின் வெகுநேரம் ராணிகளைப் பார்த்தான்.
எழுந்து கோட்டை மாட்டி
நாற்காலியை உள்ளே தள்ளினான்.
விரல் முட்டியால் மேசையை இருமுறை தட்டினான்.

இங்கே அதற்கு இரண்டு அர்த்தம்.
நன்றாக ஆடினீர்கள் என்று ஒன்று.
என் முறை வந்தது, பந்தயம் ஏதுமில்லை,
அடுத்தவர் போகட்டும் என்று இன்னொன்று.
எதுவென்று நான் கேட்கவில்லை.
வெளியே அவன் வண்டி கிளம்பவே நாலு முயற்சி ஆனது.
சீட்டைக் கலைத்தேன்.