கால் ஆஃப் என்றால் கூப்பிடுவதல்ல

போன ஆடியில் ஒரு சனிக்கிழமை
கொழும்பிலிருந்து மெயில் வந்தது,
புக்கிங்கை கால் ஆஃப் பண்ணச் சொல்லி.
நான் கூப்பிட்டேன்.
சத்தியமாக.
ஏஜெண்டை, யார்டை, டிரைலர்காரர்களை
ஒவ்வொருவராகப் போன் போட்டு வரச் சொன்னேன்.
பதினோரு டிரைலர்
எண்ணூர் நெடுஞ்சாலையில் வால் நீட்டி நின்றன,
வராத கப்பலுக்காக.
காத்திருந்த கூலி என் சம்பளத்தில்
மூன்று தவணையாகப் போனது.

ரெண்டாம் தவணை பிடித்த அன்று
தங்கசாலையில் ஒரு நோட்டு வாங்கினேன்.
டோல்கேட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால்
லிங்கிச் செட்டித் தெரு வருவதற்குள்
ஒரு பக்கம் ஆகும்,
பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம்
எழுத்தும் குதிக்கும்.

கிவ் என்றால் கொடு. அப் என்றால் மேலே.
மேலே கொடு என்றுதான் நினைத்தேன்,
லாரியில் நிற்பவனுக்கு மூட்டை கொடுக்கிற மாதிரி.
கைவிடு என்கிறது புத்தகம்.
லுக் ஆஃப்டர், திரும்பிப் பார்ப்பதில்லை,
பார்த்துக்கொள்வது.
ரன் அவுட் கிரிக்கெட்டில் தெரியும்.
அரிசி தீர்ந்தாலும் அதே பேராம்.
மாசக் கடைசியில் எங்கள் வீட்டில்
தினம் ரெண்டு விக்கெட்.
டேக் ஆஃப் என்று விமானமும் கிளம்பலாம்
சட்டையும் கழற்றலாம்,
எது என்று பக்கத்துச் சொல்லைத்தான் கேட்கணும்.
புட் ஆன் உடுத்து,
புட் ஆஃப் தள்ளிப்போடு,
புட் அவுட் தீயை அணை,
புட் அப் வித்
மூன்று சொல் சேர்ந்து ஒரு பொறுத்துப்போ.
அதற்கு மட்டும் அர்த்தம் எழுதவில்லை.
கல்யாணமாகி ஒன்பது வருஷம்.

"அவனுங்க ஏன் ஒழுங்கா ஒரே சொல்லா வச்சுக்கல?"
மேசையைத் தட்டிக் கேட்டேன்.
ஹசீனா பர்வீன் இன்வாய்ஸிலிருந்து தலை தூக்கவில்லை.
"எங்க மாமா போய்ச் சேர்ந்துட்டாரு.
எந்த ஸ்டேஷனுக்குன்னு கேளேன்."

அப்புறம் ஒரு ராத்திரி, மணலி யார்டில்,
சீல் நம்பர் சரிபார்க்கப் போன இடத்தில்
ஒடிசாக்காரன் திபாகர்
ஃபோர்க்லிஃப்ட்டை அணைத்துவிட்டு இறங்கி வந்தான்.
"அக்கா, போட்டான் தெரியும்.
குடுத்தான் தெரியும்.
போட்டுக் குடுத்துட்டான்னா இன்னா?"
யார் யாரை என்று கேட்டேன்.
சொல்லத் தயங்கினான்.
உன் தப்பை ஒருத்தன்
முதலாளி காதில் ஓதினால் அதுதான் என்றேன்.
"அப்போ ஆடி மாசம் சூப்பர்வைசர் உன்னை..."
ஆமாம் திபாகர்.
அதேதான்.

அவன் பாக்கெட்டிலும் ஒரு நோட்டு இருந்தது.
உருண்டை உருண்டையான ஒடியா எழுத்தில்
எங்கள் தெருப் பேச்சு.
ஓடிப்போ. வாங்கிக் கட்டிக்கோ. வச்சி செய்.
அவன் சத்தமாக வாசிக்க
பிறந்ததிலிருந்து பேசுகிற சொற்களை
முதல் தடவையாகக் கேட்டேன்.
பழைய தமிழில் கொண்டு என்று கம்பீரமாக இருந்தது
காசிமேட்டுக் காற்றில் தேய்ந்து
க்கினு ஆகி
எங்கள் ஒவ்வொரு வினைக்கும் பின்னால்
நொண்டிக்கினே வருகிறது.
வுட்டுடு என்பதை மட்டும்
அவனுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.
விடு, அதற்குப் பின்னால் இன்னொரு விடு.
ஒரு தடவை விட்டால் போதாதா அக்கா என்றான்.
போதாதுப்பா.

மூன்றாம் தவணையும் தீர்ந்தது.
நேற்று கொழும்பு மறுபடி எழுதியது:
எட்டுப் பெட்டி எங்கே, ஏன் தாமதம்,
உடனே பதில் வேண்டும்.
நோட்டைத் தொடாமல் அடித்தேன்,
வீ ஆர் லுக்கிங் இன்டு இட்.
நன்றி என்று பதில் வந்தது!
ஹசீனா எட்டிப் பார்த்தாள்.
"அப்படின்னா இன்னா?"
பார்த்துக்கினு இருக்கோம்னு அர்த்தம்.
"யாரு பார்க்கிறா?"
யாரும் பார்க்கலை.
டீ சொன்னோம்.