வடிமடை

பதினொரு நாள் நின்றது தண்ணீர்.
பன்னிரண்டாம் நாள் காலையில்
ஐந்து மா குத்தகை நிலமும்
நனைந்த சாக்குப் போல நாறியது.

மேட்டூரில் காவிரியாகக் கிளம்புவது
எங்கள் தலைஞாயிறுக்கு வரும்போது
பேரையும் தொலைத்துவிட்டு அடப்பாறாக வரும்.
வருவதற்குத்தான் தாமதம்,
போகச் சொன்னால் போகாது.

கிராம நிர்வாக அலுவலர் வரப்போடு நின்று
முப்பது சதவீதம் என்று எழுதிக்கொண்டார்.
முப்பத்து மூன்று இருந்தால்தான் நிவாரணம்.
அந்த மூன்று எங்கே போயிற்று என்று கேட்டேன்.
செருப்புச் சேற்றை வரப்பில் தேய்த்துவிட்டுப் போனார்.

கூட்டுறவுச் சங்கத்துக் காலண்டர்
அடுப்படிச் சுவரில் தொங்கியது.
நவம்பர் தாளின் அடியில் அச்சடித்திருந்தார்கள்:
தோல்வியே வெற்றியின் முதல் படி.
எத்தனை படி நெல்லுக்கு என்று போடவில்லை.
நகைக்கடன் வட்டிக்கு நான் வட்டமிட்ட தேதியும்
அதே தாளில்தான்.

முதல் நாள் அழுதேன்.
இரண்டாம் நாள் மதலைமுத்துவைத் திட்டினேன்.
கீழண்டை வரப்பு அவருடையது.
உன் வரப்பு உசந்துதான் என் பயிர் செத்தது என்று
கடைத்தெருவில், டீக்கடைப் பெஞ்சு முழுக்கக் கேட்க.
பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் அழுகலைப் பிடுங்க இறங்கினேன்.
ஒவ்வொரு குத்திலும்
வண்டல் படிந்து ஒரு கோடு.
வடக்கே கணுக்கால் உயரம்,
நடுவில் முழங்காலுக்குக் கீழே,
தென்கிழக்கு மூலையில் கோடே இல்லை,
நுனி வரைக்கும் மண்.

போகும்போது தண்ணீர்
எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது.
நான் நாற்றத்தை மட்டும் மோந்துகொண்டிருந்தேன்.

கருவைக் குச்சி ஐம்பது வெட்டி ஊன்றினேன்.
பழைய நைட்டியைக் கிழித்து
கோட்டின் உயரத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு.
பூப்போட்ட நைட்டி.
பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகள்
என்னக்கா, வயலுக்குத் திருவிழாவா என்றன.
வாய்க்கால் மேட்டில் ஏறிப் பார்த்தேன்.
முடிச்செல்லாம் ஒரே மட்டத்தில்.
அடியில் நிலம்தான் ஏறி இறங்கிக் கிடந்தது.

நவம்பரைக் கிழித்துத் திருப்பிப் போட்டு
பென்சிலால் வயலை வரைந்தேன்.
மேடு இங்கே, பள்ளம் இங்கே,
வடிமடை
என்று குறிக்கப் போன கை நின்றது.
வடிமடை இருந்தது மேட்டில்.
மூன்று வருடத்துக்கு முன்
வீட்டுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று
நடக்கச் சோம்பல்பட்டு நானே வெட்டியது.
மதலைமுத்துவின் வரப்பு
ஒரு பாவமும் அறியாது.

பயிர் செத்ததைவிட அன்று ராத்திரி
இதுதான் வலித்தது.
ஆனாலும் விடிவதற்குள் ஒன்று தோன்றியது:
தப்பு மழையுடையது என்றால் நான் என்ன செய்ய?
அடப்பாற்றுடையது என்றால்?
என்னுடையது என்றால்
மண்வெட்டி போதும்.

கொத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் மதலைமுத்து.
திட்டினது தப்பு என்றேன்.
"கடைத்தெருவுலதான திட்டுனீங்க, தையல்நாயகி?"
சரிதான் என்று கடைத்தெருவுக்கு நடந்து
அதே பெஞ்சுக்குக் கேட்கச் சொன்னேன்.
சாயங்காலம், ஒன்றும் பேசாமல்,
மட்டம் பார்க்கும் டியூபோடு வயலுக்கு வந்தார்.
ஒரு முனை அவர் கையில்,
மறு முனை என் கையில்.
உள்ளே தண்ணீர் கொஞ்சம் ஆடி, நின்று,
உள்ளதைச் சொன்னது.

அடுத்த புரட்டாசியில் பள்ளத்துக்கு மட்டும்
முழுகினாலும் தாங்குகிற ஆயிரத்தொன்பது.
வடிமடை தென்கிழக்கில்.
கார்த்திகை வந்தது. வானம்
போன வருடத்தையே திரும்பக் கொட்டியது.
நான்காம் நாள் தண்ணீர் வடிந்தது.

ஜெயித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.
வடக்கோரம் ஒரு பாய் அகலத்துக்கு
பயிர் மஞ்சளாகக் கிடக்கிறது.
தண்ணீர் அங்கே நிற்கவே இல்லை.
பிறகு ஏன் என்று தெரியவில்லை.

புதுக் காலண்டரில் என்ன வாசகமோ,
கண்ணாடி போடாமல் படிக்க முடியவில்லை.
பின்பக்கம் வெறும் தாள்.
பென்சிலைத்தான் காணோம்.