நாக்குக்குக் கீழே

சட்டைப்பையில் எப்போதும்
பழுப்புப் போத்தல் ஒன்று வைத்திருப்பேன்.
டிக்கோயா கிளினிக்கில் கொடுத்தது.
நெஞ்சு பிடித்தால் நாக்குக்குக் கீழே ஒன்று வை,
உட்கார், என்றார்கள்.
தோட்டத்துத் தண்ணீர்ப் பைப்புக்காரன் நான்.
ஊற்றுக்கும் லயத்துக்கும் இடையில்
நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறேன்,
போத்தல் கிலுகிலுக்க.

மற்றது
த்ரீவீல் பாலேந்திரன் தந்தது.
ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் யாரோ விற்றதாம்.
பெட்டியில்லை, பேரில்லை, திகதியில்லை.
லொத்தர் சீட்டில் மடித்துக் கொடுத்து
"முழுசாப் போடுண்ணே, சிங்கம்" என்றான்.
போட்டேன்.
சரோசாவிடம் சொல்லவில்லை.
இரண்டு வருடமாய் அவளிடம் சொல்லாத
வேறொன்றும் இருந்தது.
அவளும் கேட்காமல்
போர்வையை இழுத்துக்கொண்டு திரும்பிப் படுப்பாள்.

ஒரு மணித்தியாலத்தில் மூக்கடைத்தது.
காதுமடல் அடுப்புக் கங்கு.
குண்டு பல்பைச் சுற்றி நீல வளையம்.
ஜன்னலுக்கு வெளியே
கவ்வாத்து வெட்டிய மலை, கக்கூஸ் தகரம்,
அடுத்த காம்பராவின் வெள்ளை நாய்
எல்லாம் நீலம்.
தலைக்குள் ஸ்டோர் ரோலர் ஓடிற்று.
"பிரசர்தான்" என்று
சரோசா கொத்தமல்லி கொதிக்கவைத்தாள்.
அப்புறம் நெஞ்சிலும் ஒரு பிடி.

போத்தலைத் திறந்து குளிசையோடு வந்தாள்.
"வாயத் தொறங்க."
திறக்கவில்லை.
விசயம் தெரிந்தல்ல. வெட்கம்.
வாய் திறந்தால்
மற்றதும் வெளியே விழுந்துவிடுமோ என்று.
பல்லைக் கடித்துக் கிடந்தேன்.
விடியும்போது பிடி தானாக விட்டது.

டொக்டருக்குத் தமிழ் தெரியாது.
பெயர்த்துச் சொல்ல வந்தவள்
எங்கள் லயத்து நிரோஷினி.
அவள் காதுகுத்துக்குச் சீர்த்தட்டு தூக்கியவன் நான்.
சுவரில் டெங்கு நோட்டீசைப் பார்த்துச் சொன்னேன்:
"அந்த... நீல மாத்திர."
வெளியே மழை என்று சொல்வதுபோல்
சிங்களத்தில் சொன்னாள்.
டொக்டர் சிரிக்கவில்லை.
பேனை மட்டும் நின்றது.

மருந்துத் துண்டின் பின்பக்கத்தில்
ஒரு சின்ன வட்டம்,
ஒரு சாய்சதுரம்,
நடுவே தாள் கிழியக் குறுக்குக் கோடு.
"ரெண்டும் சேந்தா பிரசர் குழிக்குள்ள விழுமாம், மாமா.
அன்னைக்கு வாயத் தொறந்திருந்தீங்கன்னா..."
அதோடு நிறுத்தினாள்.
போத்தல் இருக்கும்வரை மற்றது எனக்கில்லை.
தப்பித் தவறிப் போட்டு நெஞ்சு வலித்தால்
ஆஸ்பத்திரி வாசலிலேயே
அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.
"வெக்கப்பட்டா தப்பான மருந்து ஏறிரும்."

பிறகு டொக்டர் சுண்டுவிரலைக் காட்டினார்,
அப்புறம் நெஞ்சை.
அவள் பெயர்க்குமுன் விளங்கிவிட்டது.
சின்னக் குழாய்தான் முதலில் அடைக்கும்.
அரை அங்குலத்தில் தண்ணி வரவில்லையென்றால்
மேலே டாங்கியில் சேறு.
இதை நான் எத்தனை கங்காணிக்குச் சொல்லியிருப்பேன்!

சரோசா துண்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.
"இது என்னா, பட்டமா?"
சொன்னேன். எல்லாவற்றையும்.
"நானே போட்டிருப்பேனே" என்றாள்,
"என் கையாலயே."
இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் ராத்திரி
ஐஸ் மாதிரிப் பாதங்களைக் கொண்டுவந்து
என் கெண்டைக்காலில் வைத்தாள்.
வெகுநாளைக்குப் பிறகு.
நான் நகரவில்லை.

இன்று ஸ்டாண்டில் பாலேந்திரன் கண்ணடித்தான்.
"எப்புடிண்ணே, சிங்கம்?"
"ஒனக்குச் சீனி இருக்கா?
நெஞ்சு மருந்து?
ஒண்ணுக்குப் போகக் குடுத்த குளிச?
கசிப்புக்கு மேலயா போடுற?"
ஒவ்வொன்றுக்கும் அவன் சிரிப்பு
ஒரு கியர் இறங்கிற்று.
நாலு மணித்தியாலம் ஆகியும் அடங்காவிட்டால்
ஆஸ்பத்திரிக்கு ஓடணும் என்றேன்.
அதற்கு மட்டும் கொஞ்சம் பெருமைப்பட்டான்.

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.
"டிக்கோயாவுக்கு விடு."
"யாருக்குண்ணே வருத்தம்?"
"ஒனக்குத்தான்.
நிரோஷினி இருப்பா.
சிரிக்க மாட்டா."