எடை

கார்த்திகை முகூர்த்தம்.
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில்
மல்லி கிலோ மூவாயிரத்தைத் தொட்ட நேரம்
ஒச்சப்பன் தராசை விட்டு நகர்ந்து
சாக்கு மேல் உட்கார்ந்தான்.
வியாபார நேரத்தில் அவன் உட்கார்ந்து
நான் பார்த்ததே இல்லை.

"வாயுக்கா. ராத்திரி சால்னா சேரல.
ஒரு சோடா குடிச்சா ஏப்பத்தோட போயிரும்."
தாடையைத் தடவினான். பல்வலி மாதிரி இருக்காம்.
இடக்கையில் யாரோ மூட்டை ஏத்திவிட்ட மாதிரி.
பனிக்கு என் காது விறைத்திருந்தது,
அவன் சட்டையோ நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

கையில் தூக்கியே
எழுநூறா முக்கால் கிலோவா என்று சொல்லுகிறவன்.
நெஞ்சில் ஏறிய கனத்துக்கு மட்டும்
தப்பான பேர் சொன்னான்.

யாசின் சோடாவோடு வந்துவிட்டான்.
பிடுங்கி ஓரமாக வைத்தேன்.
போன ஆடியில் என் வீட்டுக்காரருக்கு
நான்தான் சோடா உடைத்துக் கொடுத்தேன்.
ஓமத்தண்ணி வேறு. முதுகை நீவிவிட்டு
"படுங்க, காலையில பார்த்துக்கலாம்" என்றேன்.
காலை எனக்கு மட்டும் வந்தது.

நூற்றியெட்டில் ஒரு பெண்குரல்.
எந்த கேட்டு, என்ன வயசு, மூச்சு வாங்குதா?
நடக்க விடாதீங்க. உட்கார்ந்தே இருக்கட்டும்.
ஆஸ்பிரின் ஒத்துக்குமா, ரத்தம் கசியிற வியாதி உண்டா என்று
கேட்டுக்கொண்டு, மென்று முழுங்கச் சொன்னாள்.
பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடைக்கு யாசின் ஓடினான்.
"டி.வி.எஸ்ல வீட்டுக்குப் போயிர்றேங்க்கா."
சாவியைப் பறித்து இடுப்பில் செருகி
முதல் தடவையாக அவனை வைதேன்.

வண்டிக்குள் வயர் ஒட்டிக்கொண்டே
அந்தப் பையன் கேட்டான்: "சர்க்கரை இருக்கா?"
"டீக்கு ரெண்டு கரண்டி."
பிரஷர்? பார்த்ததில்லை.
பீடி? ஒரு கட்டு. முகூர்த்த நாளில் ஒன்றரை.
தூக்கம்? சிரித்தான்.
அப்பாவுக்கு இப்படி?
நாற்பத்தெட்டு வயசில் வரப்பில் விழுந்தார்,
பாம்பு என்றார்கள்.
கே.கே.நகர் ஆர்ச் தாண்டியும்
என் முந்தானையை விடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் உள்ளே ஒரு கம்பிச்சுருள் வைத்தார்கள்.
பேனா ஸ்பிரிங் அதைவிடப் பெரிசு.
"இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா" என்று ஆரம்பித்த டாக்டர்
என்னைப் பார்த்ததும்
ஏனோ நிறுத்திக்கொண்டார்.

தை பிறந்ததும் வந்துவிட்டான்.
தூக்கக்கூடாது, கணக்கெழுதுகிறான்.
டீயில் சீனி இல்லை.
பரோட்டாக் கடைப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான்.

நேற்று பிச்சிச் சாக்குக்கு அடியில்
ஒரு பீடிக்கட்டு.
எவ்வளவு பூக் கொட்டினாலும் நாறுமே, ஒச்சப்பா.
எடுத்துத் தராசில் போட்டேன்.
ஐம்பது கிராம்கூட இல்லை.