தூக்குக்கோல்

ஆன்செல் ட்ரூவிட்டுக்குப் பதினோரு வயதிலேயே தெரியும்,
ஓடுகுண்டின் வயிற்றில் ஈயம் இருப்பது.
கைதவறிக் கீழே விழுந்தபோது
அது இரும்பைப் போல ஒலிக்கவில்லை.
அப்பா பார்த்தார். அவனும் பார்த்தான்.
அன்றிரவு அவன் தட்டில்
இறைச்சி ஒரு துண்டு கூடுதல்.

பிறகு அலபாமாவின் செப்டம்பர்கள்.
ஆலை முற்றத்தில் காற்றே வெள்ளையாய்ப் பறக்க
கோவேறு கழுதை வண்டிகள் வரிசையில் நிற்கும்,
பேரேட்டோடு இவன்.
நிறைய யோசிப்பவன். அதுதான் நோய்.
ஒரு பவுண்டு பஞ்சுக்கு எத்தனை விரல்கீறல் என்று
மனக்கணக்குப் போடுவான்,
போட்டுவிட்டுக்
குறைத்தே எழுதுவான்.

ஹோசியா டாலிவர் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி
ஒருநாள் கேட்டார்:
"நானூத்தி மூணு இருக்கணுமே ஐயா,
வீட்டுல நிறுத்துட்டுத்தான் வந்தேன்."
கோல் ஆடி நின்றது முந்நூற்று அறுபத்தெட்டில்.
தராசுக்கு ஒரு நாக்கு உண்டு, அது பொய் சொன்னது.
இவனுக்கும் ஒன்று இருந்தது.
பேச வாயெடுத்தான்;
அப்பா தொண்டையைச் செருமினார்.

நிறுப்பதற்கும் தூக்குதல் என்றே பெயர்.
அந்த வெள்ளி இரவு, ஆற்றோர ஓக் மரத்தில்
ஊரார் வேறு விதமாய்த் தூக்கினார்கள்.
விளக்குகள் போவதை மாடிச் சன்னலில் நின்று எண்ணினான்:
பதினேழு.
அதில் ஒன்று இந்த வீட்டு விளக்கு.
மறுநாள் அதன் புகையேறிய கண்ணாடியைத்
துடைத்து வைத்ததும் இவன்தான்.

ஒன்பது வருடம்.
பெண் பார்த்தார்கள், வேண்டாமென்றான்.
ஞாயிறு தேவாலயத்தில் எல்லாரோடும் எழுந்து
வாயை மட்டும் அசைப்பான்.
அப்பா செத்த மறுவாரம் பேரேட்டைப் புரட்டி
முந்நூற்று அறுபத்தெட்டை அடித்து
நானூற்று மூன்று என்று திருத்தினான்.
முப்பத்தைந்து பவுண்டின் காசை
வட்டியோடு உறையிலிட்டுக்
காட்டு வழியே நடந்தான்.

டாலிவர் வீட்டில் கதவு இல்லை,
விறகுக்குப் போயிருக்கும்.
பெண்சாதியும் பிள்ளைகளும் சிகாகோ போய்
ஆறு வருடமாம்.
பக்கத்தில் களையெடுத்தவள் நிமிராமலே சொன்னாள்.
உறையை அடுப்பு மேடையில் வைத்தான்.
எடுத்தான். வைத்தான்.
எலி தின்றுவிடுமே என்று
எடுத்துக்கொண்டே வந்துவிட்டான்.

மறுநாள் திங்கள்.
முதல் வண்டியில் ஒரு பையன்,
முழங்கை வரை கீறல்.
ஓடுகுண்டு கையில் கனத்தது.
புதிதாய் ஒன்று வாங்க வேண்டும்,
வாங்கிவிடலாம், அடுத்த மாதம்.
"எவ்வளவுங்க?"

சொன்னான்.