பூஜ்யம் பார்த்தல்

சோஹார் துறைமுகத்தில் நான் லாரிகளை நிறுப்பவன்.
பாரம் ஏறுமுன் ஒரு எடை, ஏறியபின் ஒரு எடை,
நடுவில் ஒரு கழித்தல்.
பதினோரு வருடம் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து
வண்டிகளின் எடையை எழுதி எழுதி
என் எடை நூற்று முப்பத்து நாலு.

"ஒருநாள் உன்னையும் என் ஜல்லியோடு சேர்த்து
பில் போட்டுவிடுவார்கள்" என்பான் குல் ஜமான்.
நானும் சிரிப்பேன்.
சிரித்து முடிக்க மூச்சு போதாது.

முதலில் போனது கடற்கரைச் சாலைக் கட்டடம்.
ரோஜா இதழ் மிதக்கும் தேநீர் தந்தார்கள்,
சர்க்கரை இல்லை என்பதைச் சொல்லிக்காட்டி.
கைப்பிடி வைத்த நாற்காலி.
இடுப்பைச் சாய்த்துச் செருகிக்கொண்டேன்.
எழுந்தபோது அதுவும் கூட எழுந்தது.
வெள்ளைக் கோட்டுப் பெண் என் பேர் கேட்குமுன் விலை சொன்னாள்.
வியாழனுக்குள் கட்டினால் இருநூறு ரியால் குறைவாம்.
டாக்டர் எங்கே என்றேன்.
"ஆபரேஷன் அன்றைக்கு வருவார் சார்."
சுவரில் ஒருவன் தன் பழைய பேன்ட்டின் ஒற்றைக் காலுக்குள்
முழு உடம்பையும் நிறுத்திச் சிரித்துக்கொண்டிருந்தான்.
நடுராத்திரி வாந்தி வந்தால்
அவன் யாருக்குப் போன் செய்கிறான் என்று
படத்துக்குக் கீழே போட்டிருக்கவில்லை.

ஓடுகிற வண்டியை நிறுக்கக் கூடாது.
அது நிற்க வேண்டும். எண் ஆடி அடங்க வேண்டும்.
அவசரப்படுத்தும் தராசில்
எங்கோ ஒரு விரல் அழுத்திக்கொண்டிருக்கும்.
தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

ரூவிக்குப் போக ஒரு மாதம் ஆனது.
பழைய கட்டடம், இரண்டு லிஃப்டில் ஒன்று செத்திருந்தது.
ஆனால் வரவேற்பறை நாற்காலிகளுக்குக் கைப்பிடி இல்லை.
யாரோ யோசித்திருக்கிறார்கள்.

டாக்டர் ஷம்ஸா என் வயிற்றைப் பார்க்கவில்லை முதலில்.
தூக்கத்தைக் கேட்டார். குறட்டையை,
படுத்தால் தொண்டைக்கு ஏறும் புளிப்பை,
ஏன் இப்போது என்பதை.
நான் தமிழில் விழுங்கியதை
நர்ஸ் ப்ரீஜா அரபியில் எடுத்துக் கொடுத்தாள்.
"ராத்திரிக்கு?"
"ரெண்டு சப்பாத்தி."
பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் காத்திருந்தார்.
ஏசி சத்தம் மட்டும்.
"...நைட் ஷிஃப்ட் முடிந்து நாலு பரோட்டா. சில நாள் ஆறு."
தலையசைத்தார். திட்டவில்லை.

புளிப்பு ஏறுகிறவனுக்கு
இரைப்பையை வெட்டிச் சுருக்கினால் அது கூடவும் செய்யலாம்,
முதலில் உள்ளே குழாய் விட்டுப் பார்ப்போம்,
பிறகு எந்த வகை, வேண்டுமா வேண்டாமா என்று பேசுவோம் என்றார்.
வாழ்நாள் முழுக்க மாத்திரை என்றார்.
"விசா முடிந்து ஊருக்குப் போனால்
அங்கே உன்னை யார் பார்ப்பார்கள்?"
எனக்குத் தெரியவில்லை.
அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் கோடு போட்டு
இடம் காலியாக விட்டார்.

துணிந்து கேட்டேன்:
உங்கள் கையில் யாராவது...
ப்ரீஜா மொழிபெயர்க்கத் தயங்கினாள்.
அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது.
"ஒருவர்" என்றார்.
ஜன்னல் பக்கம் பார்க்காமல்,
என்னைப் பார்த்து.

தினமும் காலையில் முதல் வண்டிக்கு முன்
நாங்கள் மேடையைப் பெருக்கிவிட்டுப் பூஜ்யம் பார்ப்போம்.
காலியாக இருக்கும்போது காலி என்று காட்டாத தராசு
பாரம் ஏறினால் மட்டும் நிஜம் பேசாது.

நேற்றிரவு கப்பல் தாமதம், லாரி இல்லை.
கூண்டை விட்டு இறங்கி
அறுபது டன் மேடையின் நடுவில் தனியாக நின்றேன்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கணக்குத் தெரியாது.
கண்ணாடிக்குள் சிவப்பில் எரிந்தது: 140.
ஆறு கிலோ அதிகம். பரவாயில்லை,
அது இதற்காகச் செய்யப்பட்டதில்லை.

சட்டைப்பையில் ரூவிச் சீட்டு, வரும் செவ்வாய் பத்து மணி.
செய்வேனா தெரியவில்லை.
மேடையிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தேன்,
எண் ஆடி
ஆடி
பூஜ்யத்துக்கு வரும்வரை.